பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் துப்பாக்கி, சுடுவது எனக்கு 15 வருடப் பழக்கம். ஞாயிறு காலையில் ரேஞ்சுக்கு (சுடுதளத்துக்கு) போய் 10 மீட்டர் தூரத்தில் 60 பெல்லட் (சின்னக் குண்டு) சுட்டுவிட்டு வந்தால் அந்த வாரம் முழுக்க மனது தெளிவாக இருக்கும். மகளுக்கு 11 வயதானபோது "நானும் வரேன்பா" என்றாள். அன்று இருந்த மகிழ்ச்சியில் எதையும் யோசிக்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். பிள்ளையை ரேஞ்சுக்கு அழைத்துப் போக நினைக்கும் மற்ற பெற்றோருக்கு உதவும் என்றுதான், நான் செய்ததையும் பிறர் செய்யக் கண்டதையும் எழுதுகிறேன்.

முதல் தவறு, என் துப்பாக்கியையே அவள் கையில் கொடுத்தது. போட்டிக்கான ஏர் ரைபிள் பெரும்பாலும் 4 முதல் 5 கிலோ வரை இருக்கும். விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. என் மகளின் எடை அப்போது 30 கிலோ. நான்கரைக் கிலோ துப்பாக்கியை அவள் ஏந்தி நிற்பது, 70 கிலோ இருக்கும் ஒருவர் பத்தரைக் கிலோ அரிசிப் பையை ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்பதற்குச் சமம். கனம் முன்னால் இழுப்பதால் பிள்ளை தானாகவே பின்னால் சாயும், இடுப்பை முறுக்கும். பார்ப்பதற்குப் பெரியவர்கள் நிற்கும் நிலை மாதிரியே இருக்கும். நானும் "அழகா நிக்கிறாளே" என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் முதுகு வலிக்கிறது என்றாள்.

நாம் நிற்கும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி நிற்கிறது. துப்பாக்கியின் எடை எலும்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது. தடித்த கேன்வாஸ் ஜாக்கெட் முதுகைத் தாங்குகிறது. பிள்ளைக்கு அந்த ஜாக்கெட்டும் இல்லை, அந்த எலும்பு அமைப்பும் இன்னும் முழுதாக வரவில்லை. முழு எடையையும் தசையால் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் முதுகெலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதில். அதனால் முதல் சில மாதங்கள் ஸ்டாண்டில் வைத்துச் சுடட்டும். துப்பாக்கியின் முன்பகுதி தாங்கியின் மேல் இருக்க, குறி பார்ப்பதையும் மூச்சையும் விசையையும் மட்டும் அவள் கவனிக்கட்டும். ஜெர்மனியில் பொதுவாக 12 வயது வரை பெல்லட்டே கொடுப்பதில்லை. ஒளிக்கற்றை விடும் துப்பாக்கியில்தான் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். உலகக் கோப்பைக்கு ஆட்களை அனுப்பும் நாடே அவசரப்படவில்லை, நமக்கு என்ன அவசரம்?

ஜாக்கெட் வாங்கும்போது பள்ளிச் சீருடைக்கு எடுக்கிற மாதிரி "வளர்ந்தா சரியாகிடும்" என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்காதீர்கள். தொளதொள ஜாக்கெட் எதையும் தாங்காது. கிளப்பில் பழையது கிடைத்தால் அதுவே போதும். துப்பாக்கியும் அப்படித்தான். பிள்ளைக்கு ஆர்வம் நிற்குமா என்று தெரியும் முன்பே லட்சக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு ரைபிள் வாங்கினால், அந்தப் பணத்தின் கனமும் பிள்ளையின் தோளில்தான் ஏறும்.

அப்புறம் கண். வலது கைக்காரர் எல்லோருக்கும் வலது கண்ணே முதன்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஒரு கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் மறையாமல் இருக்கிறதோ அதுவே முதன்மைக் கண். என் மகளுக்கு அது இடது கண். இதைப் பார்க்காமல் வலது தோளில் துப்பாக்கியை வைத்து, "ஒரு கண்ணை மூடிக்கோ" என்று இரண்டு மாதம் படுத்தியிருக்கிறேன். கண்ணை இறுக்கி மூடினால் முகம் முழுக்க இறுகும், திறந்திருக்கும் கண்ணும் சோர்ந்துபோகும். குறி பார்க்காத கண்ணுக்கு முன் சின்ன மறைப்பு வைத்தால் போதும். போட்டி விதியே 30 மில்லிமீட்டர் அகலம் வரை அதை அனுமதிக்கிறது.

பாதுகாப்பு விதிகளைப் பிள்ளைகள் நம் வாயிலிருந்து கற்பதில்லை, நம் கையைப் பார்த்துக் கற்கிறார்கள். பாரல் (துப்பாக்கிக் குழல்) எப்போதும் டார்கெட் பக்கம். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. சுடாதபோது பாரலுக்குள் சேஃப்டி ஃபிளாக், அதாவது உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் வண்ணக் கயிறு. இவற்றை மகளிடம் ஒப்பிக்க வைத்துவிட்டு, நானே ஒருநாள் துப்பாக்கியோடு பாதி திரும்பி நண்பரிடம் பேசினேன். "அப்பா, பாரல்" என்றாள். அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். நம்மைத் திருத்தும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும், திருத்தும்போது "பெரியவங்ககிட்ட இப்படிப் பேசாதே" என்று ஒரு நாளும் சொல்லக் கூடாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி அறிமுகமாவது மெரினாவிலும் திருவிழாவிலும் பலூன் சுடும் கடையில். அது விளையாட்டாகவே மனதில் பதிந்திருக்கும். இந்தியாவில் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர் வரையும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் பெரியவர்களும் அதைப் பொம்மையாக நினைத்து மொட்டை மாடியில் டப்பா வைத்துச் சுடப் பழக்குகிறார்கள். போட்டி ரைபிளில் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. சுவரில் பட்டுத் திரும்பினால் ஒரு கண் போக அது போதும். அதனால் சுடுவது ரேஞ்சில் மட்டும். வீட்டில் துப்பாக்கி பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறு இடத்தில், சாவி நம்மிடம்.

பெல்லட் ஈயம். ஈயம் வளரும் மூளைக்குக் கெடுதல், குழந்தைகளைப் பெரியவர்களைவிட அதிகம் பாதிக்கும். சுடும் இடத்தில் பிஸ்கட், முறுக்கு எதுவும் வேண்டாம். பெல்லட்டை வாயில் வைக்கவே கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும்.

இனி ஸ்கோர். நான் மிகவும் வருந்தும் தவறு இது. ரேஞ்சிலிருந்து வெளியே வந்ததும் என் முதல் கேள்வி "எத்தனை டென்?" என்பதாகவே இருந்தது. டார்கெட்டின் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனா முனை அளவு. பெல்லட் அதைச் சற்றே தொட்டால் 10.0, நட்ட நடுவில் விழுந்தால் 10.9. 60 முறை சுட்டால் அதிகபட்சம் 654. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்தார். சராசரியாக ஒவ்வொரு சுடுதலும் பத்தரை. அப்படியும் பத்தாவது இடம்தான், இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான் போக முடியும். இவ்வளவு நுணுக்கமான விளையாட்டில், ஸ்டாண்டில் வைத்து 8-ம் 7-ம் சுடும் பிள்ளையிடம் எண்ணைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? நான் கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொரு பெல்லட்டுக்குப் பிறகும் துப்பாக்கியை உடனே இறக்கி, பெல்லட் விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். விசையை அழுத்திய பிறகும் ஓரிரு நொடி அதே நிலையில் குறியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் முதலில் கெடுவது இதுதான், கெடுத்தது என் கேள்வி.

இப்போது ஸ்கோரைப் பற்றி நான் கேட்பதில்லை. "சுட்ட அந்த நேரத்துல முன் வளையம் எங்க இருந்துச்சு?" என்று, பாரல் நுனியில் குறி பார்க்க இருக்கும் வளையத்தைக் கேட்கிறேன். "கொஞ்சம் வலது பக்கம் கீழே" என்பாள். திரையில் பெல்லட் அங்கேயே விழுந்திருந்தால் இருவரும் சிரிப்போம். பல நாள் வெள்ளைத் தாளை டார்கெட்டாக வைத்துச் சுடுகிறோம், சில நாள் பெல்லட் போடாமல் விசை மட்டும் பழகுகிறோம்.

சுடும்போது பின்னால் நின்று "மூச்சை விடு, தோளை இறக்கு" என்று பேசிக்கொண்டே இருப்பதையும் விட்டுவிட்டேன். திருத்துவது கோச்சின் வேலை. நான் பக்கத்து லேனில் என் பெல்லட்டைச் சுடுகிறேன். சில ஞாயிறுகளில் 20 சுட்டதும் "போதும்பா" என்கிறாள். ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருப்போம். பரவாயில்லை. டப்பாவை மூடி, ஃபிளாகைச் செருகிவிட்டு, கை கழுவிக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடியில் நான் முடிக்கும் வரை கதைப் புத்தகம் படிக்கிறாள்.