நெதர்லாந்து கால்வாய்ல ஒரு வாரம் நீங்களே போட் ஓட்டணுமா? ஃப்ரீஸ்லாந்துல ஆரம்பிங்க

நெதர்லாந்து போறவங்க பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம்ல ஒரு மணி நேரம் டூரிஸ்ட் போட்ல உக்காந்து சுத்திட்டு வந்துடுறாங்க. ஆனா அஞ்சாறு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து, படுக்க சமைக்க குளிக்க எல்லாம் உள்ளயே இருக்குற ஒரு போட்டை வாரக்கணக்குல வாடகைக்கு எடுத்து, நீங்களே ஓட்டிக்கிட்டு ஊர் ஊரா போகலாம். நீளம் 15 மீட்டருக்குள்ள, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல போக முடியாத போட்னா லைசென்ஸ் வேண்டாம், வாடகைக்கு கிடைக்கிறது பெரும்பாலும் இந்த கணக்குக்குள்ளதான் வரும்.

முதல் தடவைன்னா வடக்குல ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தைத்தான் சொல்லுவேன். ஏரியும் கால்வாயும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு கிடக்கும், ஊருங்க கிட்ட கிட்ட இருக்கும், தண்ணி மட்டம் பெருசா மாறாததால லாக் (தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கி போட்டை அடுத்த பக்கம் விடற கதவு வெச்ச அறை) தொல்லையும் கம்மி. ஸ்னீக்ல போட்டை எடுங்க, அங்கிருந்து ஐல்ஸ்ட், வௌட்செண்ட், ஸ்லோட்டன், லெம்மர்னு போயிட்டு திரும்பி வாங்க. மேப்ல பாத்தா "இவ்ளோதானா, ரெண்டு நாள்ல முடிச்சிடலாமே"ன்னு தோணும். அப்படி நினைச்சு தூரத்தை கூட்டாதீங்க. ஊருக்குள்ள பல இடத்துல மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வேக வரம்பு, வெளியிலயும் அகலமான கால்வாய் தவிர அதிகம் போக முடியாது, பாலம் திறக்க காத்திருக்கணும், கடைக்கு போகணும். ஒரு நாளைக்கு மூணு நாலு மணி நேரம் ஓட்டினா போதும், மிச்ச நேரம் ஊருக்கு.

ஊருங்க நிஜமாவே அவ்ளோ அழகு. ஐல்ஸ்ட்ல வீடு ஒரு பக்கம், நடுவுல தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் தண்ணி ஓரமா அதே வீட்டோட தோட்டம், நீங்க போட்ல போகும்போது அந்த தோட்டத்துல காஃபி குடிச்சிட்டு இருக்கறவங்க கை காட்டுவாங்க. வௌட்செண்ட்ல ரெண்டு காத்தாலை, ஒண்ணு மரம் அறுக்க, இன்னொண்ணு மாவு அரைக்க. லெம்மர்ல 1920ல கட்டின வௌடா நீராவி பம்பிங் ஸ்டேஷன் இருக்கு, 1998ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, அதுக்குன்னு அரை நாள் ஒதுக்குங்க.

இப்போ ஓட்டுறது. போட்டுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்தணும், அதுவும் உடனே நிக்காது. ஸ்டியரிங் திருப்பினா கார் மாதிரி முன் பக்கம் மட்டும் திரும்பாது, பின் பக்கம் எதிர் திசையில வெளிய தள்ளும், அதனால கரை ஓரத்துல இருந்து கிளம்பும்போது பின்னாடி இடிக்காம பாத்துக்கணும். முதல் நாள் சாவி வாங்கும்போது வாடகைக்கு விடறவங்க சொல்லிக் கொடுக்கறதை ஒருத்தர் மட்டும் இல்ல, எல்லாரும் நின்னு கேளுங்க, ரெண்டு பேராவது அங்கயே ஓட்டி பாத்துடுங்க.

போட்டை கரையில கட்டுறதுதான் நிஜமான பரீட்சை. முடிஞ்சவரை காத்துக்கு எதிரா வாங்க, சும்மா நடக்குற வேகத்துக்கும் கீழ, கரைக்கு கொஞ்சம் சாய்வா. இடி தாங்குற ரப்பர் ஃபெண்டர் எல்லாம் முன்னாடியே வெளிய தொங்கணும், கயிறு சிக்கு இல்லாம கையில இருக்கணும், யார் முன் கயிறு யார் பின் கயிறுன்னு ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. யாரும் கரைக்கு குதிக்கக்கூடாது, போட் ஒட்டினப்புறம் இறங்கினா போதும். எங்க கூட வந்த ஒருத்தன் ஸ்லோட்டன்ல போட் இடிக்கப்போகுதுன்னு காலை நீட்டி தடுக்கப் பாத்தான், நல்லவேளை நாங்க கத்தினதுல சட்டுனு எடுத்துட்டான், எனக்கு இன்னும் அந்த நொடி நெஞ்சுல நிக்குது. பல டன் எடை அது. போட்ல கீறல் விழுந்தா விழட்டும், கையோ காலோ போட்டுக்கும் கரைக்கும் நடுவுல போகவே கூடாது.

பால விளக்கு ரொம்ப சிம்பிள்: சிவப்புன்னா நில்லு, சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிஞ்சா இப்போ திறக்கப் போறாங்க, பச்சைன்னா போ, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு சிவப்புன்னா அந்த பாலம் இப்போ வேலை செய்யல. சில பாலத்துல மதியம் சாப்பாட்டு நேரத்துல திறக்க மாட்டாங்க. திறக்காத பாலமும் உண்டு, அதனால உங்க போட்டோட உயரம் எவ்ளோன்னு ஸ்டியரிங் பக்கத்துல எழுதி ஒட்டிக்கோங்க. சில இடத்துல பாலக்காரர் தூண்டில் மாதிரி ஒரு கம்புல மரச்செருப்பை தொங்கவிடுவார், போற போக்குல அதுல காசு போடணும், சில்லறை யூரோ தனியா வெச்சிருங்க! ரூட்டுக்கும் பால நேரத்துக்கும் வாட்டர்கார்ட்டன் ஆப் நல்லா உதவும்.

பிரின்சஸ் மார்கிரீட் கால்வாய்ல மட்டும் முழு கவனம் வேணும், அங்க பெரிய சரக்குக் கப்பல் ஓடும். வலது ஓரமாவே போங்க, அவங்களுக்கு வழி விடுங்க, பின்னாடியும் அடிக்கடி திரும்பிப் பாருங்க. ஓட்டறவர் பியர் குடிக்காம இருக்கறது நல்லது, தண்ணியிலயும் ரத்தத்துல ஆல்கஹால் அளவுக்கு சட்டம் இருக்கு. நீச்சல் தெரியாதவங்க டெக்ல லைஃப் ஜாக்கெட்டோடதான் இருக்கணும்.

ராத்திரி தங்க ஊர்ல காசு கட்டற இடம் இருக்கு, கரண்ட், குளியலறை கிடைக்கும். அமைதி வேணும்னா மாரெக்ரிட்டேங்கற அமைப்பு ஏரி ஓரத்துல, புல்வெளி நடுவுல போட்டிருக்கற இடத்துல கட்டலாம், காசு கிடையாது, ஒரே இடத்துல அதிகபட்சம் 3 நாள். அங்க கரண்ட் இல்ல, அதனால ஃபோன் எல்லாம் முன்னாடியே சார்ஜ் பண்ணிடுங்க. டாய்லெட் கழிவை தண்ணியில விடறது 2009ல இருந்து தடை, டேங்க்லதான் சேரும், அதை உறிஞ்சி எடுக்குற இடம் துறைமுகத்துல இருக்கும். ஆறு பேர் இருந்தா டேங்க் நீங்க நினைக்கறதை விட சீக்கிரம் நிறைஞ்சிடும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாசம். ஆகஸ்ட்ல ஸ்னீக்ல பாய்மரப் படகுப் போட்டி நடக்கற வாரத்துல இடமே கிடைக்காது. போட்டை பெரும்பாலும் காலையிலயே திருப்பி கேப்பாங்க, அதனால கடைசி ராத்திரி ஸ்னீக்லயே கட்டிடுங்க, சாயங்காலம் நடந்து போனா 1613ல கட்டின ரெட்டை கோபுர நீர்வாசல் (போட் ஊருக்குள்ள நுழையற பழைய வாசல்) விளக்கு வெளிச்சத்துல தண்ணியில தெரியும்.