தீ ஒரு மேட்டில், ஆட்கள் இன்னொரு மேட்டில்: கைபேசி வரைபடத்தில் செய்யக் கூடாதவை

மேற்குத் தொடர்ச்சி மலையில் தீயணைக்கப் போகும் குழுவின் புதியவர்களுக்குக் கைபேசி வரைபடம் சொல்லித்தருவது என் வேலை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நான் செய்த பிழைகளையே வரிசை தப்பாமல் செய்கிறார்கள். பேட்டரி தீர்ந்தது, ஜி.பி.எஸ். இயக்க மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருநாள் பட்டால் தானே புத்தி வரும்.

வாக்கி டாக்கியில் வெறும் எண்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அடிவாரத்தில் வரைபடத்தோடு நான் இருந்தேன். மேலேயிருந்து வனக்காவலர், "வடக்கு பத்து, பதினைந்து, முப்பது; கிழக்கு எழுபத்தேழு, முப்பது, ஐம்பது" என்றார். டிகிரி, நிமிடம், விநாடி (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி) என்ற வரிசையில் கடைசி எண்களை விநாடி என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய கருவியோ நிமிடத்தைத் தசமத்தில் காட்டுவது. 15.30 நிமிடம் என்றால் 15 நிமிடம் 18 விநாடிதான். ஒரு விநாடி தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். வடக்கே 12 விநாடி, கிழக்கே 20 விநாடி பிசகியதில் புள்ளி 700 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விட்டது.

சமவெளியானால் புகையைப் பார்த்து நடந்துவிடலாம். அங்கே நடுவில் பள்ளத்தாக்கு. எட்டுப் பேர் மூச்சிரைக்க ஏறி நின்று, ஓடைக்கு அந்தப் பக்கம் தீ எரிவதைப் பார்த்தார்கள். இறங்கி மறுபடி ஏற இரண்டரை மணி நேரம். அதற்குள் புல்வெளியைத் தின்றுவிட்டுச் சோலையின் ஓரத்தைத் தொட்டிருந்தது தீ. திட்டு முழுவதும் எனக்கு. நியாயம்தான், எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது எல்லாக் கைபேசியிலும் தசம டிகிரி மட்டும்: 10.2550, 77.5083. "புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஓடையின் பெயரோ பாறையின் பெயரோ கூடவே வர வேண்டும். எண்ணும் பெயரும் ஒத்துவராவிட்டால் நான் பெயரைத்தான் நம்புவேன்.

செயற்கைக்கோள் புள்ளியைத் தீ என்று நம்புவது

செயற்கைக்கோள் கண்ட வெப்பத்தை வைத்து இந்திய வன அளவை நிறுவனம் அனுப்பும் தீ எச்சரிக்கை அருமையானது. ஆனால் செயற்கைக்கோளில் இருக்கும் விஐஐஆர்எஸ் என்ற உணர்கருவி தரையைப் பார்க்கும் ஒரு கட்டத்தின் அகலம் 375 மீட்டர், மோடிஸ் என்ற இன்னொரு உணர்கருவிக்கு 1 கிலோமீட்டர். வரைபடத்தில் விழுவது அந்தக் கட்டத்தின் நடு. தீ அதன் எந்த மூலையிலும் இருக்கலாம். செய்தி வந்து சேர்வதற்குள் சரிவில் மேலேறியும் இருக்கும்.

நேர்க்கோட்டுத் தூரம்

மலையில் அப்படி ஒன்று கிடையாது.

வரைபடத்தை மேலே போய் இறக்கிக்கொள்ளலாம் என்பது

சிக்னல் கிடைக்காது. அடிவாரத்திலேயே முடியுங்கள்.

நேரம் குறிக்காத தீ எல்லை

யார், எத்தனை மணிக்கு வரைந்தது என்று இல்லாத சிவப்புக் கோட்டைக் கண்டால் கேட்காமல் அழித்துவிடுகிறேன். காலையில் வரைந்ததை நம்பி மாலையில் ஆளை அனுப்புபவர், அந்தக் கோட்டின் மேல் தாமே ஒருமுறை போய் நிற்கட்டும்.