மெக்சிகோ சிட்டி இறங்குவதை உங்கள் லேப்டாப்பில் அளப்பது எப்படி

ரேடார் படத்தை வைத்து நிலம் இறங்குவதை அளக்கலாம் என்று சொன்னதும், என்னிடம் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், நம்ம ஏரியா இறங்குதா, பார்க்கலாமா?" வேண்டாம். முதல் தடவை மெக்சிகோ சிட்டியைப் பாருங்கள். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் கருவி கைக்கு வந்ததா இல்லையா என்று தெரியும்.

அந்த ஊரை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே சில பகுதிகள் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்குகின்றன. அஸ்டெக்குகள் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவில் கட்டிய டெனோச்டிட்லான் நகரத்தின் மேல்தான் இன்றைய ஊர் நிற்கிறது. ஏரி போய்விட்டது, ஏரிப்படுகைக் களிமண் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழேயுள்ள நீர்ப்படுகையிலிருந்து தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, களிமண்ணுக்குள் இருக்கும் நீரும் வடிந்து மண் நெரிந்து அமுங்குகிறது. திரும்பத் தண்ணீர் விட்டாலும் அது பழைய தடிமனுக்கு வராது. 1940களிலேயே நபோர் கரியோ என்ற பொறியாளர் இந்தத் தொடர்பைக் காட்டிவிட்டார். 1910இல் திறந்த சுதந்திர தேவதைத் தூணைச் சுற்றியுள்ள தெரு இறங்கிக்கொண்டே போனதால், அடியில் 14 படிகள் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தூணுக்கு ஆழமான அடித்தளம், அதனால் அது நின்ற இடத்தில் நின்றது.

நான் உயரம் அளக்கும் ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் தூக்கி அலைந்த சர்வே ஆள். பெஞ்ச் மார்க், அதாவது உயரம் தெரிந்த அசையாத புள்ளி, எங்கே என்று சொல்லாத எந்த உயரத்தையும் நம்பமாட்டேன். இந்த வேலையிலும் அதே பிடிவாதம் தேவைப்படும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2014இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அலை எந்த நிலையில் திரும்பி வந்தது என்பதை ஃபேஸ் என்போம்; இரண்டு தேதிப் படங்களின் ஃபேஸ் வித்தியாசத்தை வண்ணமாகக் காட்டுவதுதான் இந்த முறை. அலை போய்த் திரும்புவதால், நிலம் செயற்கைக்கோளை விட்டு 2.8 சென்டிமீட்டர் விலகினாலே படத்தில் ஒரு முழு வண்ணச் சுற்று வந்துவிடும். ஒரே செயற்கைக்கோள் ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் என்றால் 24 நாளில் 3.3 சென்டிமீட்டர். ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் அதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அதாவது 2.6 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு வண்ணச் சுற்று. 48 நாளுக்கு இரண்டு. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களை கோப்பர்நிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளத்திலோ அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டியின் வெர்டெக்ஸ் தளத்திலோ இலவசமாக எடுக்கலாம். எஸ்எல்சி வகைப் படமாக இருக்க வேண்டும், பிரகாசம் மட்டும் உள்ள ஜிஆர்டி வகை வேண்டாம். அதில் ஃபேஸ் தகவல் இருக்காது. இரண்டு படங்களும் ஒரே பாதை எண்ணில், ஒரே திசையில் பறந்தபோது எடுத்தவையாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இறக்கினால் சில ஜிபி டேட்டா வீண். மாதம் பார்த்தும் தேர்ந்தெடுங்கள். அங்கே ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. காற்றில் ஈரம் மாறினால் ரேடார் அலை தாமதப்பட்டு, நிலம் நகர்ந்தது போலவே படத்தில் தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் 24 நாள் இடைவெளியில் தொடர்ச்சியாக மூன்று படங்கள் எடுங்கள். ஏன் மூன்று என்பது பின்னால் வரும்.

லேப்டாப் பலவீனமானது என்றால் அலாஸ்காக்காரர்களின் ஹைப்3 சேவையில் இரண்டு தேதியைக் கொடுத்தால் போதும், அவர்களே செய்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஒருமுறையாவது ஸ்னாப் என்ற இலவச ரேடார் மென்பொருளில் கையால் செய்து பாருங்கள் என்பேன். அப்போதுதான் எந்த இடத்தில் என்ன தப்பும் என்று புரியும். 16 ஜிபி ராம் இருந்தால் ஓடும். மற்ற விண்டோக்களை மூடிவிடுங்கள்.

ஸ்னாப்பில் ரேடார் மெனுவுக்குள் போய், டாப்ஸார் ஸ்ப்ளிட்டில் நகரம் விழும் பட்டையையும் அதில் தேவையான பர்ஸ்ட்களையும் (பட்டையின் துண்டுகள்) மட்டும் வெட்டுங்கள், விவி அலைமுனைப்பு (செங்குத்தாக அனுப்பி செங்குத்தாகவே பெறும் அலை). முழுப் படத்தையும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்புறம் அப்ளை ஆர்பிட் ஃபைல். துல்லியமான சுற்றுப்பாதைக் கோப்பு படம் எடுத்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துத்தான் கிடைக்கும், எனவே நேற்றைய படத்தோடு தொடங்க வேண்டாம். பேக் ஜியோகோடிங் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும். பர்ஸ்ட் ஒன்றுக்கு மேல் இருந்தால் பொருத்தத்தை இன்னும் துல்லியமாக்க என்ஹான்ஸ்டு ஸ்பெக்ட்ரல் டைவர்சிட்டியும் போடுங்கள். அதன் பிறகு ஃபேஸ் வித்தியாசப் படத்தை உருவாக்கும் இன்டர்ஃபெரோகிராம், துண்டுகளை ஒட்டும் டீபர்ஸ்ட், மலை மேடு பள்ளத்தின் பங்கைக் கழிக்கும் டோபோகிராஃபிக் ஃபேஸ் ரிமூவல், பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கும் மல்டிலுக், கடைசியில் இரைச்சலைக் குறைக்கும் கோல்ட்ஸ்டீன் ஃபில்டர்.

இப்போது திரையில் வானவில் வரும். இங்கேதான் பாதிப் பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எழாதீர்கள். கோஹெரன்ஸ் பேண்டைத் திறந்து பாருங்கள். இரண்டு படங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண் அது. 0.3க்குக் கீழே இருக்கும் இடத்தில் வரும் வண்ணத்துக்கு அர்த்தமே இல்லை. கட்டடம் நிறைந்த இடங்களில் எண் நன்றாக இருக்கும். வயல், காடு, நீர் இருக்கும் இடமெல்லாம் இரைச்சல்.

அடுத்து, மேற்கே சாபுல்டெபெக் குன்றில் தொடங்கி, கிழக்கே விமான நிலையத்தைத் தாண்டி நெசஹுவல்கோயோட்டல் வரை விரலால் ஒரு கோடு இழுத்து, எத்தனை வண்ணச் சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். தாளில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் சந்தோஷம். இன்னொரு சோதனையும் இருக்கிறது. விமான நிலையத்தை ஒட்டி பென்யோன் டே லோஸ் பான்யோஸ் என்று ஒரு எரிமலைப் பாறைக் குன்று உண்டு. சுற்றிலும் களிமண் இறங்க, பாறை இறங்குவதில்லை. வண்ண வளையங்கள் அந்தக் குன்றைச் சுற்றி நெருங்கி நிற்க வேண்டும்.

சுற்றுகளை சென்டிமீட்டராக மாற்ற ஸ்னாஃபு என்ற தனி நிரலுக்கு ஏற்றுமதி செய்து, விரித்து (திரும்பத் திரும்ப வரும் சுற்றுகளைத் தொடர்ச்சியான ஒரே அளவாக்கி), திரும்ப உள்ளே எடுக்க வேண்டும். பிறகு ஃபேஸ் டு டிஸ்ப்ளேஸ்மென்ட், டெரெய்ன் கரெக்ஷன். கிடைப்பது செயற்கைக்கோளின் பார்வைக் கோட்டில் உள்ள நகர்வு. நகர்வு செங்குத்துதான் என்று வைத்துக்கொண்டு, படுகோணத்தின் (ரேடார் கதிர் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம்) கொசைனால் வகுத்தால் இறக்கம் வரும். ஊர் மேலே எழுவதாக வந்தால் பதறவேண்டாம்; முந்திய தேதியும் பிந்திய தேதியும் இடம் மாறியிருக்கும், குறியை மாற்றுங்கள்.

இனி பெஞ்ச் மார்க். இந்த முறை தரும் எண்கள் எல்லாமே ஒப்பீட்டு எண்கள், பூஜ்யம் எங்கே என்று அதற்குத் தெரியாது. மேற்குக் குன்றுகளில் கோஹெரன்ஸ் நன்றாக உள்ள பாறைப் பகுதியில் சில பிக்சல்களின் சராசரியை எடுத்து, படம் முழுவதிலிருந்தும் கழியுங்கள். அந்த இடத்தின் ஆயங்களை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள். எழுதாத வரைபடத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மூன்று படம் எதற்கு என்றால், முதலும் இரண்டும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் இன்னொரு ஜோடி. நிலம் நிஜமாக இறங்கினால் இரண்டிலும் அதே இடத்தில் ஏறக்குறைய அதே அளவு வரும். ஈரக்காற்றின் வேலை என்றால் ஒன்றில் வந்தது மற்றதில் இருக்காது, அல்லது குறி மாறி வரும். அதோடு நெவாடா பல்கலைக்கழகத்தின் புவியளவை ஆய்வகம் உலகமெங்கும் உள்ள ஜிபிஎஸ் நிலையங்களின் உயரக் கோடுகளை இலவசமாக வைத்திருக்கிறது. அந்த ஊர் நிலையம் ஒன்றை எடுத்து, அதே தேதிகளில் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிடுங்கள்.

பயன்படுத்தும்போது ஒரு விஷயம். அதிகமாக இறங்கும் இடம்தான் அதிக ஆபத்து என்று நினைத்துவிடுகிறோம். ஒரு தெரு முழுக்கச் சமமாக இறங்கினால் வீடு விரிசல் விடாது. பாறையும் களிமண்ணும் சந்திக்கும் இடத்தில், பக்கத்துப் பக்கத்தில் இறக்கம் மாறும்போதுதான் சுவரும் குழாயும் உடைகின்றன. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இறக்கப் படத்தின் மேல் ஸ்லோப் கருவியை ஓட்டினால் இந்த விளிம்புகள் பளிச்சென்று தெரியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து மெட்ரோ பாதை, கால்வாய் எல்லாம் எடுத்து மேலே போடுங்கள். 1900இல் திறந்த கிரான் கெனால் சாக்கடைக் கால்வாய் முதலில் தானாகவே சரிவில் ஓடியது. நகரம் இறங்கி அந்தச் சரிவையே தின்றுவிட்டதால், பம்பு வைத்து ஏற்ற வேண்டியதாயிற்று.

சரி, இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். அது ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்தால், 24 நாளில் 0.3 மில்லிமீட்டர்தான். ஒரு ஜோடிப் படத்தில் அது காற்றின் ஈரத்துக்குள் காணாமல் போகும். சில ஆண்டுப் படங்களை மொத்தமாக எடுத்து, மின்ட்பை போன்ற காலத்தொடர் நிரலில் ஓட்ட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து நெல் வயல் என்றால் 5.6 சென்டிமீட்டர் அலைக்குப் பெரும்பாலும் கோஹெரன்ஸே நிற்காது. பயிர் வளர்வதிலேயே குழம்பிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் எல்-பேண்ட் அலை சுமார் 24 சென்டிமீட்டர். அது பயிருக்குள் புகுந்து மண்ணைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். டெல்டாவைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் அந்தப் படங்களிலிருந்து தொடங்குங்கள்.