ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று மலையிறங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதகையில் இரவு வெகுநேரம் விழித்துப் புதுக் கணினியைப் பொருத்தி முடிக்கிறோம். விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாக டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். கடைக்காரர் தன் கணினியில் மாட்டிக் காட்டுகிறார். டிஸ்க் நன்றாகவே ஓடுகிறது. ஒரு நாள் முழுவதும் வீண். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நண்பர்களுக்குக் கணினி பொருத்திக் கொடுக்கும் எனக்கு இந்தக் கதை பழகிப்போனது. பயணம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் நாம் செய்யும் சில காரியங்கள் நல்ல டிஸ்க்கையே சாகடித்துவிடுகின்றன. என் கவலை அதுதான்.

முதலில், மலையின் மேல் பழி போடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே எழுதும் முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது எழும் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. காற்றின் அடர்த்தி குறைந்தால் அந்த இடைவெளி குறையும் என்பது உண்மையே. ஆனால் சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உயரத்தால் இங்கே டிஸ்க் தெரியாமல் போவதில்லை.

குளிர் வேறு விஷயம். உறைபனிக் காலத்தில் இரவெல்லாம் காரில் கிடந்த டிஸ்க்கைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால், மூக்குக் கண்ணாடியில் படிவதுபோல அதன் மேலும் ஈரம் படியும். அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பது ஆபத்து. உறையைப் பிரிக்காமல் சில மணி நேரம் அறையிலேயே வைத்துவிடுங்கள்.

இனி கணினிக்கு வருவோம். "அண்ணா, டிஸ்க் தெரியவில்லை" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, "எங்கே தெரியவில்லை? பயாஸிலா, விண்டோஸிலா?" என்பதைத்தான். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பயாஸிலேயே பெயர் இல்லையென்றால் கேபிள், மின்சாரம், மாட்டிய இடம் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பயாஸில் பெயர் தெரிந்து, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையென்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

சாட்டா என்ற இணைப்பு முறையில் வரும் டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்கள்: தரவுக்குச் சிறியது, மின்சாரத்துக்கு அகலமானது. ஒன்றை மறந்துவிடுவதும், பாதி மட்டும் நுழைந்திருப்பதும் அடிக்கடி நடப்பவை. கணினியை அணைத்து, வேறு தரவுக் கேபிளை மாற்றி, மதர்போர்டில் வேறு சாட்டா இடத்தில் செருகிப் பாருங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

மின் கேபிளை மட்டும் இப்படி மாற்றிப் பார்க்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், டிஸ்க் பக்கம் உள்ள முனைதான் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த முள்ளில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட அது மாறலாம். ஆனாலும் முனை கச்சிதமாகப் பொருந்திவிடும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க்கின் மின்பலகை அந்த நொடியே கருகும். ஒருமுறை கேபிள் போதவில்லையென்று பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை எடுத்துப் புதியதில் செருகி, நானே ஒரு டிஸ்க்கைக் கருக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா நம்பிக் கொடுத்த டிஸ்க் அது. அவர் மகளின் திருமணப் படங்கள் அதில் இருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. எந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளோ அதை அதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். நான் இப்போது ஒவ்வொரு கேபிளிலும் மாடல் பெயரை எழுதி ஒட்டிவிடுகிறேன்.

மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறு பட்டை வடிவச் சேமிப்பகமான எம்.2 எஸ்எஸ்டியைப் பொருத்துவோர் மதர்போர்டின் கையேட்டைப் படிக்காமல் இருப்பது அடுத்த தவறு. பல போர்டுகளில் எம்.2 இடமும் சில சாட்டா இடங்களும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. எஸ்எஸ்டியைப் பொருத்தியதும், நேற்றுவரை ஓடிய பழைய டிஸ்க் காணாமல் போகும். டிஸ்க்கை வேறு சாட்டா இடத்துக்கு மாற்றினால் போதும். எம்.2 எஸ்எஸ்டியிலும் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் சாட்டா வகை இறுக்கமாகவே உட்காரும், ஆனால் தெரியாது.

விண்டோஸை நிறுவும்போது டிஸ்க் பட்டியல் வெறுமையாக வந்தால், இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் உள்ள கணினிகளில் சேமிப்பகங்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற பயாஸ் அமைப்பைப் பாருங்கள். அது இயங்கினால், இன்டெல்லின் சேமிப்பக டிரைவரைப் பென் டிரைவிலிருந்து ஏற்ற வேண்டும். அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் அதை மாற்றாதீர்கள். விண்டோஸ் கிளம்பாமல் போய்விடலாம்.

புத்தம் புதிய டிஸ்க் 'திஸ் பிசி'யில் தெரியாது. அது பழுதல்ல. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை 'இனிஷியலைஸ்' (பயன்பாட்டுக்குத் தயார்) செய்து, பகுதி பிரித்து, ஃபார்மட் செய்த பிறகே D: போன்ற எழுத்து ஒதுக்கப்பட்டுத் தெரியும். பகுதிகளைக் குறித்துவைக்க ஜிபிடி, எம்பிஆர் என இரண்டு முறைகளை அங்கே காட்டும். ஜிபிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று கொடுத்தால் 4 டிபி டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது.

'இனிஷியலைஸ்' செய்யவா, ஃபார்மட் செய்யவா என்ற கேள்வி பழைய டிஸ்க்குக்கு வந்தால் கையை எடுத்துவிடுங்கள். கோத்தகிரியில் ஒரு சிறு தேயிலை விவசாயியின் கொழுந்துக் கணக்கு முழுவதும் இருந்த டிஸ்க்கைப் புதுக் கணினியில் மாட்டியதும், ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. அவர் மகன் சரி என்று சொல்லப்போகும் நேரத்தில் தடுத்தோம். அந்த டிஸ்க் லினக்ஸ் கணினியிலிருந்து வந்தது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியைக் கிளப்பியதும் கணக்குகள் அத்தனையும் திறந்தன.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், கேபிளும் மின்சாரமும் சரியென்று தெரிந்த பிறகு, மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முனை தட்டைக் கீறலாம். தரவு முக்கியம் என்றால் அப்போதுதான் மலையிறங்க வேண்டும். நிலைமின்னைத் தடுக்கும் உறையில் போட்டு, சுற்றிலும் தடித்த நுரைப்பஞ்சு வைத்து, சின்ன அட்டைப்பெட்டியில் அடைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பெட்டியை மேலே சாமான் பலகையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.