திருகோணமலை ஆக்களுக்குக் குளிர் கேம்பிங்: காசை மேல போடாதீங்க, கீழ போடுங்க

தை மாசம் வந்தா போதும், நுவரெலியாப் பக்கம் டென்ட் அடிக்கப் போறம், எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம் எண்டு யாராவது ஒராள் கேப்பாங்க. அது ரெண்டாவதா கேக்கவேண்டிய கேள்வி. முதல்ல கேக்கவேண்டியது, கீழ என்ன விரிக்கப் போறீங்க எண்டு. அதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறன்.

முதல்ல எவ்வளவு குளிர் எண்டு ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் மேல ஏறினா சுமாரா 6.5 பாகை குறையும். எங்கட ஊரில தை மாசத்து ராத்திரியே 23, 24 பாகையில நிக்கும், நுவரெலியாப் பக்கத்து ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல, அப்ப உயரத்தால மட்டும் பதினாலு பாகை போயிடும். அதோட வானம் மேகமில்லாமல் இருந்தா நிலத்துச் சூடு நேரா மேல போயிடும், விடியக்காலமை புல்லில உறைபனி பிடிக்கிறது அப்பிடியான ராத்திரியிலதான். தை, மாசியில இது நடக்கும். பகல் நல்ல வெயிலா இருந்தது எண்டு நம்பி ஒரு மெல்லிசு போர்வையோட போனா விடியுமட்டும் குந்திக்கொண்டுதான் இருக்கணும்.

1. இடம். ஹோர்ட்டன் சமவெளிக்குள்ள நினைச்ச இடத்தில டென்ட் அடிக்க ஏலாது, வனஜீவராசிகள் திணைக்களத்தில முன்கூட்டியே பதியணும், அவங்க ஒதுக்கின இடத்திலதான் அடிக்கணும், வாசலில பொலித்தீனும் செக் பண்ணுவாங்க. முதல் தரம் எண்டா நான் அங்க போகச் சொல்ல மாட்டன். பட்டிப்பொல, அம்பேவெலப் பக்கம் காசு குடுத்துத் தங்குற இடமாப் பாத்து, வாகனத்தைப் பக்கத்தில விட்டுட்டுப் படுங்க. குளிர் தாங்கேலாட்டி வாகனத்துக்குள்ள ஏறலாம், அதில வெக்கம் ஒண்டும் இல்ல. அடிக்கிற இடம் பள்ளமா இருக்கக்கூடாது, ஆத்தோரமும் வேணாம். குளிர்க்காத்து பாரம், தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்திலதான் தேங்கும். பத்தடி மேட்டில அடிச்சாலே வித்தியாசம் தெரியும்.

2. டென்ட். எப்பிடி அடிக்கிறது எண்டு விளக்கப் போறதில்ல, பின்னேரம் ஒருக்கா முத்தத்தில அடிச்சுப் பாத்தா விளங்கிடும். ஆனா எங்கட ஊருக்கு ஒரு வசதி இருக்கு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில கொட்டுற மழையில டென்ட அடிச்சு ஒரு ராத்திரி அப்பிடியே விட்டுடுங்க, எந்தத் தையலால ஒழுகுது எண்டு காலமை தெரிஞ்சிடும். இதைவிட நல்ல டெஸ்ட் எந்தக் கடையிலயும் செய்து தரமாட்டாங்க. இழுத்துக் கட்ட மீன் பிடிக்கிற தங்கூசி வேணாம், இருட்டில கண்ணுக்குத் தெரியாது, கால் தட்டி விழுவீங்க. வெள்ளை நைலோன் கயிறு போதும்.

3. கீழ விரிக்கிறது. எல்லாரும் மாட்டுப்படுற இடம் இதுதான். ஸ்லீப்பிங் பேக் சூடு தாறதில்ல, உள்ளுக்குள்ள இருக்கிற பஞ்சு காத்தைப் பிடிச்சு வச்சு உங்கட உடம்புச் சூட்டை வெளிய விடாமல் தடுக்குது, அவ்வளவுதான். நீங்க படுத்த உடன முதுகுப்பக்கப் பஞ்சு நசிஞ்சிடும், அதுக்குள்ள காத்து இல்ல, பிறகு நிலம் உங்கட சூட்டை ராத்திரி முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேல எத்தனை போர்வை போட்டாலும் முதுகும் இடுப்பும் விறைக்கும். சனம் பேக்தான் சரியில்ல எண்டு நினைச்சு இன்னும் விலைகூடின பேக் வாங்குறது இதாலதான்.

அதோட பெரும்பாலான ஆக்கள் கொண்டுபோறது கடற்கரைக்கு வாங்கின எயார் பெட். நிலாவெளியில அது சொர்க்கம். குளிரில சரிவராது, உள்ள வெறும் காத்துத்தான், அந்தக் காத்து சுத்திச் சுத்தி மேல இருக்கிற சூட்டைக் கீழ கொண்டுபோய் நிலத்துக்குக் குடுத்திடும்.

என்ட தெரிவு, மூடின துவாரமுள்ள (துவாரமெல்லாம் தனித்தனியா அடைபட்டிருக்கிற) ஃபோம் மெட் ரெண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு. மெட்டில ஆர் வேல்யூ எண்டு ஒரு இலக்கம் இருக்கும், சூடு நிலத்துக்குப் போறதை எவ்வளவு தடுக்கும் எண்ட அளவு அது, கூடக்கூட நல்லம், ரெண்டை அடுக்கினா ரெண்டு இலக்கத்தையும் கூட்டிக்கொள்ளலாம். உறைபனி ராத்திரிக்கு மொத்தம் 4 கிட்ட வந்தா நிம்மதியாப் படுக்கலாம். காசு இல்லையெண்டா டென்டுக்குக் கீழ தறப்பாள், உள்ள காட்போட் மட்டை, அதுக்கு மேல ரெஜிபோம் தகடு, மேல ஒரு பாய். பாக்க மீன் பெட்டி அடுக்கின மாதிரித்தான் இருக்கும், வேலை செய்யும்.

4. பேக், உடுப்பு. பேக்கில கம்ஃபர்ட், லிமிட் எண்டு ரெண்டு பாகை அளவு போட்டிருந்தா கம்ஃபர்ட்டைப் பாருங்க. லிமிட் எண்டது சுருண்டு கிடந்து சமாளிக்கிற அளவு. ஒரே ஒரு இலக்கத்தைப் பெருசா அடிச்சு விக்கிறதை நம்பவேணாம். ஜக்கெட்டுக்குப் புதுசாச் செலவழிக்காதீங்க, நுவரெலியா பேல் பஜாரில பாத்து எடுக்கலாம். பருத்தி டீசேர்ட், டெனிம் ரெண்டும் வேணாம், வேர்வை பிடிச்சா காயாது. படுக்க எண்டு காய்ஞ்ச உடுப்பு, தடிச்ச சொக்ஸ் ஒரு சோடி தனியா வச்சிருங்க, அதை வேற எதுக்கும் தொடக்கூடாது.

எங்கட ஆக்களுக்குத் தலையோட இழுத்துப் போர்த்துற பழக்கம் ஒண்டு இருக்கு. மூச்சில வாற ஈரம் முழுக்கப் பேக்குக்குள்ள இறங்கும், விடியக்குள்ள நனைஞ்சிருக்கும். மூக்கையும் வாயையும் வெளிய விட்டுட்டு, காது மூடுற கம்பளித் தொப்பி போடுங்க. டென்ட் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து விடுங்க. குளிருமே எண்டு எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, ஆனா பூட்டி வச்சா கூரையில தண்ணி கோத்து மூஞ்சியில சொட்டும்.

5. ராத்திரி. நல்லாச் சாப்பிடுங்க, எண்ணெய், தேங்காய் சேர்ந்த சாப்பாடா இருந்தா நல்லம். கொதிதண்ணியை இறுக்கி மூடுற போத்தலில ஊத்தி, சொக்ஸுக்குள்ள போட்டுக் காலடியில வைங்க. ஒண்டுக்குப் போயிட்டுப் படுங்க. போனையும் பவர் பேங்கையும் பேக்குக்குள்ள எடுங்க, குளிரில பேட்டரி இறங்கிடும். குளிருக்குச் சாராயம் அடிச்சா சூடு எண்டுறது சும்மா கதை, தோல் சூடாகிற மாதிரி இருக்கும், உள்சூடு வேகமா வெளிய போகும்.

டென்டுக்குள்ள கரிச்சட்டியோ கேஸ் அடுப்போ வைக்கவே கூடாது. அதுகளில இருந்து வாற காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயுவுக்கு மணம் இல்ல, நித்திரையிலயே ஆள் முடிஞ்சிடும். நடுங்கிக்கொண்டிருந்த ஆளுக்கு நடுக்கம் நிண்டு கதை குழறினா, அது குளிர் விட்டது இல்ல, நிலைமை மோசம் எண்டு அர்த்தம். ஈர உடுப்பைக் கழட்டி, சூடான வாகனத்தில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

பிறகு சேர்த்தது: காலமை பிளேன்டீ போட கேஸ் பத்துதில்ல எண்டு கொஞ்சப் பேர் எழுதியிருந்தீங்க. நீள டின்னில பெரும்பாலும் இருக்கிறது பியூட்டேன், அது கொதிக்கிறதே -0.5 பாகையில. எரிய எரிய டின்னும் குளிரும், அதால வெளிய நாலைஞ்சு பாகை இருந்தாலும் நெருப்பு சோர்ந்திடும். எழும்ப முதல் டின்னை ஜக்கெட்டுக்குள்ள வச்சுச் சூடாக்குங்க, நெருப்பில மட்டும் காட்டாதீங்க. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த திருகு டின் கிடைச்சா அதுதான் நல்லம்.

இன்னொண்டு, ஒராள் படம் அனுப்பியிருந்தார், டென்ட் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஈரத்தோட சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்து அப்பிடியே வச்சிருக்கிறார். எங்கட வெக்கைக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? வந்த அண்டைக்கே, எவ்வளவு களைப்பு எண்டாலும், நிழலில கொடியில போட்டுக் காயவிட்டுட்டுப் பிறகு போய்ப் படுங்க.