ஆம்ப்ளிஃபயர் உறுமினால் எர்த் பின்னை வெட்டாதீர்கள்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "உறுமல் நின்னு போச்சு தம்பி, ஆனா பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது." பிளக்கை உருவிப் பார்த்தேன். தடித்த எர்த் பின்னை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் பித்தளை பளபளத்தது. அப்போதுதான் துடைத்திருந்த ஆத்தங்குடிக் கல் தரையில் ஆச்சி வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. உள்ளே ஒரு வயர் தேய்ந்து பெட்டியில் பட்டால் 230 வோல்ட்டும் அந்தத் தகரத்தில்தான் நிற்கும். அது தரைக்கு இறங்கத்தான் எர்த் பின். உறுமலுக்காக அதை வெட்டவே கூடாது.

உறுமல் எங்கிருந்து வருகிறது? நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டு கிடக்கும். வயரிங்கும் ஒரே நாளில் செய்ததாக இருக்காது. ஆம்ப்ளிஃபயருக்கு வளவில் கரண்ட், டி.வி.க்கு முகப்பில் கரண்ட், இரண்டுக்கும் நடுவே நீளமாக ஒரு ஆடியோ வயர். இரண்டு இடத்து எர்த்துக்கும் துளி வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் அந்த வயரின் மேல்வலை, அதாவது உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் வழியாகக் கரண்ட் ஓடும். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை அதிர்கிறதே, அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்கிறது.

இது தெரியாமல் ஆடியோவுக்கென்று தனியாக எர்த் குழி வெட்டுகிறவர்கள் உண்டு. பணமும் போகும், உறுமலும் கூடும். எர்த் இரண்டானால் வித்தியாசம் இன்னும் பெரிதாகத்தானே ஆகும்? எல்லாப் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் நான் செய்தது அவ்வளவுதான்.

விலை உயர்ந்த கேபிள் வாங்க ஓடுவதும் அவசரம். முதலில் ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு. எதைப் பிடுங்கியதும் சத்தம் அடங்குகிறதோ, அந்த வழியாகத்தான் வருகிறது. எல்லாவற்றையும் பிடுங்கியும், வால்யூமை அடியோடு குறைத்தும் உறுமினால் கோளாறு உள்ளேதான். பவர் சப்ளையில் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும்.

சுண்ணாம்புச் சுவரை உடைக்க மனம் வராமல் கரண்ட் வயரையும் ஆடியோ வயரையும் ஒரே பைப்பில் திணிப்பதும் தவறு. தள்ளித் தள்ளிக் கொண்டுபோங்கள்; குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி போலக் கடக்கட்டும். பழைய ரெக்கார்ட் பிளேயர் இருந்தால் அதன் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆச்சி வீட்டில் மூன்று பின் பிளக்கை மாட்டியதும் சுர்ரென்பது நின்றது, உறுமல் திரும்பி வந்தது. டி.வி.யின் பின்னாலிருந்த கேபிள் கனெக்‌ஷனைக் கழற்றினேன், அடங்கியது. தெருவிலிருந்து வரும் அந்த வயர் இன்னொரு எர்த்தையும் கூட்டி வந்திருக்கிறது. டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஆடியோ வயரை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் போவது வெளிச்சம் மட்டும்தான்.