டிஸ்க்கை மாட்டுமுன் ரைட் பிளாக்கரைச் சோதியுங்கள்

சந்தேக நபரின் கணினியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை உங்கள் கணினியில் நேரடியாகச் செருகாதீர்கள். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியான ரைட் பிளாக்கரை நடுவில் மாட்டுங்கள். அதற்கும் முன்னால் அந்தக் கருவியையே சோதித்துவிடுங்கள். சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கிய சாதாரண டிஸ்க் ஒன்று போதும். ஷா-256 ஹாஷ் (டிஸ்க்கிலுள்ள மொத்தத் தரவையும் வைத்துக் கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) எடுங்கள், பிளாக்கர் வழியாக ஒரு கோப்பை எழுதிப் பாருங்கள், கழற்றி மாட்டி மறுபடி ஹாஷ் எடுங்கள். சில பிளாக்கர்களில் கோப்பு எழுதப்பட்டதுபோல் திரையில் தெரியும். பதற வேண்டாம், அது கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மறுபடி மாட்டினால் காணாது. இரண்டு ஹாஷும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கருவியை நம்பலாம்.

நாம் ஒரு கோப்பைக்கூடத் திறக்காவிட்டாலும், பிளாக்கர் இல்லாமல் டிஸ்க் கணினியில் இணைந்ததும் விண்டோஸ் தன் வேலையைத் தொடங்கிவிடும்: 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையில் எழுதும், நேரமுத்திரைகளை மாற்றும். ஒரு பிட் மாறினாலே ஹாஷ் முழுவதும் வேறாகிவிடும், அப்புறம் நீதிமன்றத்தில் "நீங்களே மாற்றவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். பிளாக்கர், படிக்கும் கட்டளையை மட்டும் அனுமதித்து, எழுதும் கட்டளையை வழியிலேயே மறித்துவிடுகிறது.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இது முழுக் காப்பு அல்ல. மின்சாரம் கிடைத்ததுமே அதற்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லு, ஏற்கெனவே அழிக்கப்பட்ட தரவுகளை உள்ளுக்குள் துடைக்கத் தொடங்கலாம், பிளாக்கரால் அதைத் தடுக்க முடியாது. பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) பூட்டுள்ள கணினி ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்து டிஸ்க்கைக் கழற்றாதீர்கள். முதலில் ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைப் பிரதி எடுங்கள்: பூட்டைத் திறக்கும் சாவி அதில் இருக்கலாம், அணைத்தால் போய்விடும். அலுவலக விசாரணை என்றால் எழுத்துபூர்வ அனுமதி கையில் இருக்கட்டும்: அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டின் கணினி முறைகேட்டுச் சட்டப்படி குற்றம்.